வந்தோரும் வாராதோரும்: வாக்குரிமை வரலாற்றில் ஒரு பக்கம்

படவேடு என்று இன்று வழங்கும் படைவீடு, தொண்டை மண்டல வரலாற்றில் தலைநகர் என்னும் பெயர் தாங்கிய ஊர். சவ்வாது மலையின் அடிவாரத்தில், கோட்டைச் சுவடுகளும் கோயில்களும் சூழ விளங்கும் இவ்வூரிலிருந்துதான் பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சி புரிந்தனர். வென்றுமண்கொண்டாரும் இராசநாராயணரும் இங்கிருந்து ஆண்டவர்கள். பின்னர் விசயநகர இளவரசன் குமார கம்பணன் படையெடுத்து வந்து சம்புவராயரை வென்றான். அவ்வெற்றியை அவன் தேவி கங்காதேவி, 'மதுரா விசயம்' என்னும் வடமொழிக் காப்பியத்தில் விரித்துப் பாடினாள். தோற்ற ஊரின் கதையை வென்றவனின் மனைவி எழுதிவைத்தாள். அந்த ஊரின் குடிமக்கள் அன்று என்ன எண்ணினர் என்பதை அறியப் பாட்டும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அரசு மாறும்போது குடிகளைக் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் எங்கும் இருந்ததில்லை.

ஆயினும், கூடி முடிவெடுக்கும் வழக்கம் குடிகளிடையே இல்லாமற் போகவில்லை. சம்புவராயர்க்குப் பின் இப்பகுதி விசயநகரப் பேரரசின் கீழ்ப் 'படைவீட்டு இராச்சியம்' என்னும் மண்டலமாயிற்று. அம்மண்டலத்தைச் சார்ந்த விரிஞ்சிபுரம் வழித்துணைநாதர் கோயிலில் கி.பி. 1425-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று உள்ளது. தேவராயர் ஆட்சிக்காலத்தது. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்னும் நால்வகையினரும், ஒன்றுகூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். இனித் தம் பெண்களைக் கன்னிகாதானமாகவே கொடுப்பது, பொன் வாங்கிப் பெண் கொடுப்பவனும், பொன் கொடுத்துப் பெண் கொள்பவனும் அரச தண்டனைக்கு உரியவர், சாதியினின்றும் நீக்கப்படுவர். இதுவே உடன்பாடு. மன்னன் ஆணையாக இது வரவில்லை. கூடியிருந்தோர் தாமே முடிவுசெய்து, தாமே கையெழுத்திட்டனர். மொழியால் வேறுபட்ட நால்வகையினர் ஒரு கருத்தில் ஒன்றுபட்டனர் என்பதால் சமூக வரலாற்று ஆசிரியர்கள் இதனைப் பெரிதும் போற்றுவர். போற்றத்தக்கதே.

ஆனால் அதனை ஒரு பெண் படித்தால் வேறொன்றும் கண்ணிற்படும். ஒப்பந்தத்தின் பொருள் மகளிர். அவர்களுக்குப் பொன் வாங்கலாமா, வாங்கலாகாதா என்பதே வழக்கு. கையெழுத்திட்டோர் வரிசையிலோ தந்தையரும் தனயருமே உள்ளனர். அப்பெண்கள் அன்று கூட்டத்திற்கு ஏன் வரவில்லை என்று எவரும் வினவுவதில்லை. வினவ வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. வாராமையில் இது முதல் வகை. அழைக்கப்படாதவரின் வாராமை.

குடிமக்கள் வாக்களிக்க ஏன் வருகின்றனர், ஏன் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர் என்னும் வினா இன்று ஒவ்வொரு தேர்தலின் மறுநாளும் செய்தித்தாள்களில் எழுகிறது, விழுக்காடுகள் வெளியாகின்றன, வாராதோர் பொறுப்பற்றவர் என ஓரிரு நாள் கடிந்துரைக்கப்படுகின்றனர், பின்னர் யாவும் மறக்கப்படுகின்றன. வந்தவரின் வருகைக்குச் சான்று உண்டு. வாராதவரின் வாராமைக்கு ஒரு வெற்றிடமே உண்டு. அவ்வெற்றிடத்தில் பின்னால் வருவோர் தமக்கு வேண்டியதை எழுதிக்கொள்கின்றனர். தமிழ்கூறு நல்லுலகம் இதற்குப் பெருவிலை கொடுத்திருக்கிறது.

குடத்திற்கு உள்ளும் வெளியும்

சனநாயகம் தமிழர்க்குப் புதிதன்று என்று மேடைதோறும் முழங்குவோர்க்கு உத்தரமேரூர் கைகொடுக்கும். ஆரணிக்குக் கிழக்கே, காஞ்சி மாவட்டத்தில் உள்ள அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. குடவோலை அதற்கும் முற்பட்டது என்பதைச் சங்கப் பாட்டே காட்டும். அகநானூற்றின் எழுபத்தேழாம் பாட்டில் மருதன் இளநாகனார், பாலை நிலத்தில் வீழ்ந்துபட்டோரின் குடரைப் பருந்து பற்றியிழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியை நீக்கி ஓலையை வெளியில் எடுக்கும் ஆவண மாக்களை உவமை கூறுகிறார். கவிஞர் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்: தமிழ் இலக்கியத்தில் குடவோலைக்குக் கிடைத்த இடம் வாழ்த்துப் பாட்டில் அன்று, பிணந்தின்னும் பறவையின் உவமையில்.

உத்தரமேரூரின் முறை நுட்பமானது. முப்பது குடும்புகள், ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரெல்லாம் ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடப்படும். சபை முதியோரும் இளையோருமாய் நிறைந்திருக்கும். அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் வந்திருக்க வேண்டும். அவருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டுவார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிப்பான். பின் நம்பிமார் அனைவரும் வாசிப்பர். விரலை விரிக்க வேண்டும் என்பதைக்கூடக் கல்லில் வெட்டிய கவனத்தைப் பாராட்டாமல் இருக்க இயலாது. கைக்குள் மற்றோர் ஓலையை மறைத்துக் கொண்டுவரும் கலை அக்காலத்திலும் இருந்திருக்கிறது போலும்! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமின்றி, அவன் உறவினரும் நெடும்பட்டியலாக விலக்கப்பட்டனர். அவ்விதி இன்று நடைமுறைக்கு வருமாயின் வேட்பாளர் பஞ்சம் ஏற்படும்.

எனினும் இரண்டு செய்திகளை மறைத்துவிட்டு உத்தரமேரூரைப் புகழ்தல் நேர்மையாகாது. ஒன்று, அது திருவுளச்சீட்டு. விருப்பத்தைத் தெரிவிக்கும் வாக்கன்று. மற்றொன்று, குடத்துள் பெயர் புகவே இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி ஆகியன வேண்டும். (நான்கு பாடியங்களுள் ஒன்றில் வல்லவனுக்கு அரைக்கால் வேலி போதும், கல்விக்கு அவ்வளவு சலுகை.) நெசவாளரும் உழவரும் குயவரும், அவ்வூரின் மகளிர் அனைவரும், குடத்திற்கு வெளியே இருந்தனர். குடத்தைச் செய்துகொடுத்தவனின் பெயர் அக்குடத்தினுள் இல்லை. நெல்லைச் சீமையின் மானூர்க் கல்வெட்டு (ஏறத்தாழ கி.பி. 800) இன்னும் ஒருபடி மேலே சென்று, சபையில் எதற்கெடுத்தாலும் 'அன்று' என்று மறுப்போர்க்கு ஐந்து காசு தண்டம் விதித்தது. வருவதற்கும் தகுதி வேண்டும்; வந்தபின் மறுத்தாலும் தண்டம்.

பிரித்தானியர் அளித்த வாக்குரிமையும் இக்குடத்தைச் சற்றே அகலமாக்கியதன்றி உடைக்கவில்லை. 1920-இல் மாண்டேகு-செம்சுபோர்டு சீர்திருத்தத்தின்கீழ்ச் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு நடந்த தேர்தலில், நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் ஏறத்தாழப் பன்னிரண்டரை இலட்சம் பேருக்கே வாக்கிருந்தது. சொத்தும் வரியும் அதற்கு அளவுகோல். அவருள்ளும் நான்கில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். ஒத்துழையாமையை மேற்கொண்ட காங்கிரசு தேர்தலைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி பெற்று ஆட்சி அமைத்தது. வீட்டிலிருந்தோருள் காந்தியடிகளின் சொற்கேட்டு நின்றவர் எத்தனை பேர், வாக்கு என்பதே இன்னதென்று அறியாது நின்றவர் எத்தனை பேர் என்பதை அந்த எண்களிலிருந்து பிரித்தறிய வழியில்லை. புறக்கணிப்பின் வெற்றி என ஒரு சாராரும், மக்களின் அக்கறையின்மை என மறுசாராரும் உரைத்தற்கு ஒரே எண் இடங்கொடுத்தது.

அடுத்த ஆண்டிலேயே சென்னைச் சட்டமன்றம் மகளிர்க்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. இந்திய மாகாணங்களுள் முதலாவதாக இதனைச் செய்த பெருமை சென்னைக்கு உண்டு. சொத்துத் தகுதி நீடித்தமையால் அவ்வுரிமையைப் பெற்ற மகளிர் மிகச் சிலரே. சொத்து கணவன் பெயரிலோ தந்தை பெயரிலோ இருக்கும் நாட்டில் சொத்துடைய மகளிர்க்கு வாக்கு என்பது கரும்பைக் காட்டிக் கரும்பாலையைப் பூட்டிவைத்தது போன்றதே.

பெயரைச் சொல்லாத பெண்கள்

குடம் உண்மையாகவே உடைந்தது விடுதலைக்குப் பின்னர்தான். இருபத்தொரு வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்கு என்று அரசியலமைப்பு அறிவித்தபோது வாக்காளர் தொகை பதினேழு கோடியைத் தாண்டியது. பெரும்பாலோர்க்கு எழுத்தறிவு இல்லை. உலகில் வேறெந்த நாடும் இத்தகைய சோதனையை இவ்வளவு பெரிய அளவில் ஒரே வீச்சில் செய்து பார்த்ததில்லை.

1951-52 தேர்தலுக்குப் பட்டியல் ஆயத்தமானபோது நிகழ்ந்த ஒன்று தனித்து நோக்கத்தக்கது. வடமாநிலங்களில் இலட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரைக் கூற மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதியுமாறு வேண்டினர். அந்நிய ஆடவனிடம் பெயர் கூறுதல் அவர்தம் வழக்கில் இழுக்கு. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதற்கு இணங்கவில்லை. பெயரில்லாத பதிவு பதிவாகாது என்றார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர் செய்தது கொடுமை என்பாரும் உண்டு. ஆழ்ந்து நோக்கின், பெண்ணொருத்தி தன் பெயரோடு அரசின் ஏட்டில் நிற்க வேண்டும் என வற்புறுத்தியது அந்நீக்கமே என்பது புலனாகும். அத்தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லாமற் போயிற்று. பின்வந்த தேர்தல்களில் பெயர்கள் வந்து சேர்ந்தன. 1962 மக்களவைத் தேர்தலில் வாக்களித்த ஆடவர் 63 விழுக்காட்டினர், மகளிர் 47 விழுக்காட்டினர் என்றிருந்த இடைவெளி சிறுகச் சிறுகக் குறைந்து, 2019-இல் மகளிர் விழுக்காடு ஆடவரை ஒரு மயிரிழை மிஞ்சியது. 2024-இல் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆடவர் 3.06 கோடி, மகளிர் 3.17 கோடி. விரிஞ்சிபுரக் கல்வெட்டில் கையெழுத்தில்லாத மகளிரின் வழித்தோன்றல்கள் இப்பெருந்தொகையுள் இருப்பர்.

முதல் தேர்தலில் வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு மாவட்டங்களில் நிகழ்ந்தவையும் இங்கே நினைக்கத்தக்கவை. அதுகாறும் வாக்கே இல்லாதிருந்த உழவர் பெருங்குடியினர் வாக்குப் பெற்றதும் தமக்கென இரு கட்சிகளைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். மாணிக்கவேலரின் காமன்வீல் கட்சியும் இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியும் பெற்ற இடங்கள், பெரும்பான்மை இழந்து நின்ற சென்னைக் காங்கிரசுக்கு இன்றியமையாதனவாயின. முன்னவர் இராசாசியின் அமைச்சரவையிலும் பின்னவர் காமராசரின் அமைச்சரவையிலும் இடம்பெற்றனர். வாக்குரிமை என்பது என்ன என்று இம்மாவட்டங்களில் எவரும் நூல் எழுதி விளக்கவில்லை. நேற்றுவரை எவரும் கேளாத பெயரை இன்று அமைச்சரவை கேட்கிறது என்று மக்கள் கண்டுகொண்டனர், அவ்வளவே.

திராவிட முன்னேற்றக் கழகம் அத்தேர்தலில் போட்டியிடாமல் நின்றதும், 1956-இல் திருச்சி மாநாட்டில் திரண்டோரிடமே 'போட்டியிடலாமா' என வாக்கெடுத்து அவர்தம் பெரும்பான்மை விருப்பப்படி 1957-இல் களம் இறங்கியதும் பலரும் அறிந்தவை. வாக்குக் கேட்கலாமா என்பதற்கே வாக்குக் கேட்ட நிகழ்வு அது. அதன்பின் 1962-இல் 70 விழுக்காட்டையும், 1967-இல் 76 விழுக்காட்டையும் தாண்டிற்று தமிழ்நாட்டு வாக்குப்பதிவு. வென்றால் ஆட்சி மாறும் என்ற நம்பிக்கை மக்களை வெளியே அழைத்தது.

கணக்கும் கௌரவமும்

அமெரிக்க அறிஞர் அந்தோணி டவுன்சு 1957-இல் வெளியிட்ட நூலொன்றில் ஓர் இக்கட்டான வாதத்தை முன்வைத்தார். பல்லாயிரம் வாக்குகளுள் ஒருவரின் ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. வாக்களிக்கச் செல்வதற்கோ நேரமும் உழைப்பும் செலவாகும். ஆகவே வரவு செலவு பார்க்கும் மனிதன் வீட்டில் இருப்பதே முறை. கோடிக்கணக்கானோர் வாக்களிப்பதே வியப்பு என்பது இதன் முடிபு. பின்வந்தோர், கடமையுணர்வினால் விளையும் மனநிறைவையும் வரவுப் பக்கத்தில் சேர்த்து அக்கணக்கைச் சரிசெய்ய முயன்றனர். 2008-இல் இராசத்தான் நாத்துவாராத் தொகுதியில் ஒரே ஒரு வாக்கில் வேட்பாளர் தோற்றது போன்ற நிகழ்வுகள் உண்டெனினும், அவை மிக மிக அரியவை.

அக்கணக்கை ஆரணிப் பட்டு நெய்யும் ஒருவர் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். நெசவாளர்க்குக் கூலி நாளுக்கு அன்று, சேலைக்கு. பாவு ஏற்றி, ஊடை பாய்ச்சி, சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. நெய்யாத நாளுக்கு ஏதும் இல்லை. தறிக்குழியில் இறங்கியவர் ஒருவர். தார் சுற்றித் தருபவர் அவர் மனைவி அல்லது தாய். பின்னவர் உழைப்புக்குத் தனிக் கூலியும் இல்லை. தேர்தல் நாளன்று தொழிலாளர்க்கு ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்று 1996-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135-ஆ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்ல சட்டம். ஆலைத் தொழிலாளிக்கும் கடைப் பணியாளர்க்கும் அது பயன்படும். தன் வீட்டுத் தறியில், முதலாளி கொடுத்த பாவில், சேலைக் கணக்கில் நெய்பவர்க்கு அச்சட்டம் எந்த நாளின் எந்த ஊதியத்தைத் தரும்? அவர் தறியை நிறுத்திவிட்டு வரிசையில் நிற்கும் பொழுது முழுவதும் அவர் கைப்பொருள். டவுன்சு கணக்கின்படி வாக்குச்சாவடிப் பக்கம் முதலில் தலைகாட்டாமல் இருக்க வேண்டியவர் இவரே.

நிகழ்வது இதற்கு நேர்மாறு. 2024 மக்களவைத் தேர்தலில் ஆரணித் தொகுதி வாக்காளரில் நால்வருள் மூவர் வாக்களித்தனர். தருமபுரித் தொகுதியில் 81 விழுக்காடு. மாநிலத்திலேயே அதுவே மிகுதி. மிகக் குறைவு மத்திய சென்னை, 54 விழுக்காடு. ஊதியத்துடன் விடுமுறையும், வீட்டருகே சாவடியும் பெற்றோர் மிகுந்த ஊரில் ஏறக்குறையப் பாதிப்பேர் வரவில்லை.

இதற்கு ஒரு விடையை மானிடவியலாளர் முகுலிகா பானர்சி 2009 தேர்தலின்போது பல மாநிலங்களில் நடந்த களஆய்வின் அடிப்படையில் 2014-இல் நூலாக அளித்தார். ஆண்டில் மற்ற எல்லா நாளும் காத்துநிற்கப் பணிக்கப்படும் ஏழைக்கு, முதலாளியும் தானும் ஒரே வரிசையில், ஒரே மதிப்புடைய வாக்கோடு நிற்கும் நாள் அது ஒன்றே. அந்தச் சமநிலையே அவர்களை அழைக்கிறது என்பது அதன் சாரம். விரலில் இடும் மையும் இதற்குத் துணை. 1962 முதல் மைசூரில் ஆக்கப்பட்டுவரும் அம்மையில் வெள்ளி நைட்ரேட்டு கலந்திருக்கிறது; வெயில் பட்டதும் தோலோடு ஒன்றிவிடும்; நகம் வளர்ந்து போகும்வரை போகாது. ஊரில் அந்த விரலை எல்லாரும் பார்க்கின்றனர். மாநகரத்து அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் விரலைப் பார்ப்பார் எவர்?

முகுலிகாவின் விடை அழகியது; முழுமையானதன்று. ஊர்களில் கட்சி முகவர் வீடு வீடாக வந்து அழைக்கிறார். வண்டி வைத்து முதியோரை ஏற்றிச் செல்கிறார். நகரத்தில் அவ்வழைப்பு மெலிந்துவிட்டது. மேலும், நகரத்துப் பட்டியலில் குடிபெயர்ந்தோர் பெயர்களும் மறைந்தோர் பெயர்களும் மிகுதி. அவையும் வாராதோர் கணக்கில் ஏறிவிடுகின்றன. தமிழகம் அறிந்த மற்றொன்றும் உண்டு. பணம். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2017-இல் இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலும் பணப் பட்டுவாடாவினால் நிறுத்தப்பட்டன. எனவே விழுக்காடு உயர்ந்தால் உரிமையுணர்வு உயர்ந்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. வருகைக்கும் பல காரணம் உண்டு. ஆனால் வந்தவரின் வாக்கு எண்ணப்படுகிறது. காரணம் எதுவாயினும் அது விளைவைத் தருகிறது.

யாழ்ப்பாணம் எழுதாத விடை

வாராமையின் விளைவுகளைப் பேசும்போது ஈழத்தைத் தாண்டிச் செல்ல இயலாது. 1931-இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் இலங்கையில் ஆண், பெண் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது. இந்தியாவுக்கு இருபது ஆண்டுகட்கு முன்னரே, ஆசியாவில் வேறெங்கும் அரிதாயிருந்த காலத்தில் வந்த உரிமை. அதனை முதலிற் பெற்ற யாழ்ப்பாணம் அதனைப் புறக்கணித்தது! ஆண்டி பேரின்பநாயகம் முதலானோர் வழிநடத்திய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசு, முழுத் தன்னாட்சி வழங்காத திட்டத்தை ஏற்கலாகாது என்றது. இந்திய விடுதலைப் போரின் தாக்கம் அதில் வெளிப்படை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்னும் நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனு அளிக்கவில்லை. நாற்காலிகள் காலியாகவே இருந்தன; 1934-இல்தான் தேர்தல் நடந்து நிரம்பின. இலங்கை முழுமைக்கும் விடுதலை வேண்டிய அந்த இளைஞர்களின் செயலைத் தெற்கில் அவ்வாறே எவரும் படிக்கவில்லை. அரசவையின் முதல் ஆண்டுகளில், அமைச்சுக் குழுக்கள் உருப்பெற்ற காலத்தில், வடக்கின் குரல் அவையில் இல்லை. 1936-இல் அமைச்சர் எழுவரும் சிங்களவராகவே அமைந்தனர். புறக்கணித்தோரின் இலட்சியம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், காலியான நாற்காலி தன் இலட்சியத்தைத் தானே எடுத்துச் சொல்லாது.

மலையகத் தமிழர் நிலை வேறு. அவர்கள் 1947-இல் வாக்களித்து ஏழு உறுப்பினரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பியவர்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களைப் பட்டியலிலிருந்தே வெளியேற்றின. 1952 தேர்தலில் அவர்கள் வரவில்லை. அது வாராமை அன்று, பறிக்கப்பட்டமை.

பின்னர் 2005. நவம்பர் 17 அன்று நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், யாழ் மாவட்டத்தில் பதிவாகியிருந்த ஏறத்தாழ ஏழு இலட்சம் வாக்காளருள் வாக்களித்தோர் 8,500 பேர் அளவினர். நூற்றுக்கு ஒருவர்க்குச் சற்று மேல். வடக்கில் புறக்கணிப்பை விடுதலைப் புலிகள் வலியுறுத்தியிருந்தனர். மகிந்த இராசபக்ச 50.29 விழுக்காடு பெற்று, ஏறத்தாழ 1.8 இலட்சம் வாக்கு வேறுபாட்டில் வென்றார். வாராதோர் தொகை வெற்றியின் இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரிது. அடுத்த நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை உலகம் அறியும். அன்று வீட்டில் இருந்தோருள், இரு வேட்பாளரும் ஒன்றே எனக் கருதி நின்றவர் எத்தனை பேர்? ஆணைக்கு அஞ்சி நின்றவர் எத்தனை பேர்? கொள்கையால் நின்றவர் எத்தனை பேர்? மூவரின் மௌனமும் ஒரே எண்ணாகப் பதிவாயிற்று. அவ்வெண்ணுக்கு ஒவ்வொரு தரப்பும் தன் உரையை எழுதிவிட்டது. வீட்டிலிருந்தோரிடம் எவரும் கேட்கவில்லை.

வாராமையைக் கருவியாக ஏந்த வல்லவர் வலியோரும் ஆவர். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் நிலைக்கவில்லை. மனுச் செய்ய எவரும் முன்வராதும், வென்றவர் உடனே விலகியும் காலம் கழிந்தது. 2006-இல்தான் தேர்தல் செம்மையாக நடந்தது. மேலூரை அடுத்த மேலவளவில் மனுச் செய்து, வென்று, பதவியேற்ற முருகேசன் 1997 சூன் 30 அன்று அறுவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வூர்களில் 'மனு வரவில்லை' என்று அலுவலகக் குறிப்பில் எழுதப்பட்ட இரு சொற்களுக்குப் பின்னால் இருந்த அச்சத்தை, அக்குறிப்பு மட்டும் படிப்பவர் எங்ஙனம் அறிவர்?

இவற்றிற்கெல்லாம் மாறாக, வாராமைக்குப் பதில் அளவிறந்து வருவதையே எதிர்ப்பாக்கிய நிகழ்வும் உண்டு. 1996-இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சித் தொகுதியில், தம் குறைகளை ஆட்சியாளர் கேளாமையைக் கண்டித்து உழவர்கள் கூட்டங்கூட்டமாக மனுச் செய்தனர். வேட்பாளர் 1,033 பேர்! வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று. தேர்தல் ஒரு திங்கள் தள்ளிப்போயிற்று. எண்ணி முடித்தபோது 88 வேட்பாளர்க்கு ஒரு வாக்குமே இல்லை. தமக்குத் தாமே கூட அவர்கள் வாக்களித்துக் கொள்ளவில்லை. வெல்வதற்காக நின்றவர் அல்லர் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? அந்த எதிர்ப்பு அழிக்க முடியாத ஆவணமாய் நிலைத்தது; நாடெங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 உரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. ஊதியத்துடன் விடுமுறை தந்த திருத்தமும் இதனை உயர்த்திய திருத்தமும் ஒரே சட்டத்தைச் சேர்ந்தவை என்பது கவனிக்கத்தக்க வேடிக்கை.

வந்தும் மறுப்பதற்கு வழி 2013-இல் எளிதாயிற்று. முன்பு 49-ஓ விதிப்படி, வாக்களிக்க விரும்பாதவர் அதிகாரியிடம் வெளிப்படையாகக் கூறிப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டியிருந்தது. ஊரறிய மறுக்கத் துணிவோர் சிலரே. அவ்வாண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்பின் 'மேற்கண்ட எவருமில்லை' என்பதற்கும் பொத்தான் வந்தது. மானூர்ச் சபை ஐந்து காசு தண்டம் விதித்த சொல்லுக்கு இன்று இயந்திரத்தில் இடம் உண்டு, எண்ணிக்கையும் உண்டு, மறைவும் உண்டு. அவ்வாக்கு எத்துணை மிகுந்தாலும் அடுத்து நிற்கும் வேட்பாளரின் வெற்றி தடைப்படாது என்பது அதன் குறை. ஆயினும் அது மௌனம் அன்று.

மௌனமாய் இருப்போர்க்கும் ஒரு பட்டியல் உண்டு. தேர்தலுக்கு முன்னர், வாக்காளர் சீட்டை வழங்க வீடு வீடாகச் செல்லும் அலுவலர், சீட்டைப் பெற ஆளில்லாத வீடுகளின் பெயர்களைத் தனியே குறித்துக் கொள்கிறார். வீட்டில் இல்லாதோர், இடம்பெயர்ந்தோர், இறந்தோர் என்னும் மூவகையினரும் ஒரே பட்டியலில் அடங்குவர். தறியை விட்டுவிட்டு வேறு தொழில் தேடிப் பெருநகரங்களுக்குப் போன நெசவாளர் எவரும், அவர் பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலில் இருப்பின், அம்மூவருள் ஒருவராகக் குறிக்கப்படுவார். தேர்தலன்று அப்பட்டியல் சாவடி அலுவலரின் மேசை மீது இருக்கும். அதிலுள்ள பெயருடன் எவரேனும் வந்து நின்றால், அடையாளத்தை மற்றவரைவிட ஒருமுறை கூடுதலாகச் சோதித்த பின்னரே வாக்களிக்க விடுவர்.